வீரர் செய்த தவறும் பத்திரிகை எழுதிய செய்தியும்: கால்பந்து ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே வரும் சட்ட விவரங்கள் பெரும்பாலும் இங்கிலாந்தைச் சேர்ந்தவை. உலகெங்கும் ரசிகர்கள் பகிர்ந்து சண்டை போடும் செய்திகளில் பெரும்பங்கு லண்டன் நாளேடுகளிலிருந்து கிளம்புகிறது. எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று அவற்றுக்கு எல்லை போடுவதும் அந்த ஊர்ச் சட்டம்தான்.

வீரர் மேல் புகார் என்று செய்தி வந்தால், ரசிகர்கள் வீரரை விட்டுவிட்டுப் பத்திரிகைமேல் பாய்வது ஏன்?

பாதி மனப்பழக்கம், பாதி வரலாறு.

மனப்பழக்கத்துக்கு ஒரு பழைய சான்று உண்டு. 1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மத் பல்கலைக்கழக அணிகள் மோதிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் அடிதடியாகப் போனது. ஒரு பக்கம் மூக்கு உடைந்தது, மறுபக்கம் கால் முறிந்தது. ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த ஆட்டத்தின் படத்தை இரு பல்கலைக்கழக மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்ததாக அதன் சொந்த மாணவர்கள் எண்ணியதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாகப் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே படத்தில் அவரவருக்குத் தெரிந்தது வேறு.

செய்திக்கும் இது பொருந்தும் என்று 1985இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்று காட்டியது. 1982 பெய்ரூட் படுகொலை பற்றிய ஒரே தொலைக்காட்சிச் செய்தித் தொகுப்பை இஸ்ரேல் ஆதரவாளர்களும் அரபு ஆதரவாளர்களும் பார்த்தார்கள். இது நமக்கு எதிராகச் சாய்ந்த செய்தி என்று இரு தரப்பும் சொன்னது. கால்பந்தில் ஒரே நிருபரை இரண்டு கிளப் ரசிகர்களும் ஒரே வாரத்தில் ‘எதிர் அணியின் ஆள்’ என்று திட்டுவதும் இதே கணக்கில்தான் சேரும்.

அப்படியானால் பத்திரிகை மீதான சந்தேகம் வெறும் பிரமையா?

இல்லை. அந்தச் சந்தேகத்தைப் பத்திரிகைகள் உழைத்துச் சம்பாதித்திருக்கின்றன.

1989 ஏப்ரல் 15 ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தார்கள். நான்கு நாள் கழித்து ‘தி சன்’ நாளேடு, ரசிகர்கள் பிணங்களிடம் திருடினார்கள், மீட்புப் பணியில் இருந்த காவலர்மேல் சிறுநீர் கழித்தார்கள் என்ற பொய்யை ‘உண்மை’ என்ற தலைப்போடு முதல் பக்கத்தில் போட்டது. 2012இல் தனிக்குழு அறிக்கை வந்த பிறகு, அதே நாளேடு முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டது. இடையில் ஓடியது 23 ஆண்டு.

2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இத்தாலியின் மாட்டராட்சியின் மார்பில் பிரான்சின் ஜிதான் முட்டியபோது, உதட்டசைவைப் படிப்பவர்களை வைத்து, மாட்டராட்சி அவரைப் பயங்கரவாதத்தோடு சேர்த்துத் திட்டியதாக லண்டன் நாளேடுகள் எழுதின. மாட்டராட்சி அவதூறு வழக்குப் போட்டு, மூன்று நாளேடுகளிடமிருந்து இழப்பீடு பெற்றார். ஜிதானின் சகோதரியைப் பற்றித் தான் தரக்குறைவாகப் பேசியதை அவர் மறைக்கவில்லை. நாளேடுகள் அச்சிட்டதோ வேறு வார்த்தை.

2018 டிசம்பரில் மான்செஸ்டர் சிட்டி வீரர் ரஹீம் ஸ்டெர்லிங் இரண்டு செய்தித் தலைப்புகளைப் பக்கத்தில் பக்கம் வைத்துக் காட்டினார். மான்செஸ்டர் சிட்டியின் இரண்டு இளம் வீரர்களும் தம் அம்மாவுக்கு வீடு வாங்கியிருந்தார்கள். வெள்ளையரான ஃபில் ஃபோடன் ‘அம்மாவுக்கு வீடு வாங்கினார்’. கறுப்பரான டோசின் அடராபியோயோவோ, லீக்கில் ஓர் ஆட்டம்கூடத் தொடக்கத்திலிருந்து ஆடாமல் மாளிகைக்குப் பணத்தை வாரி இறைத்தவர். இதில் தவறே நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தவறு இல்லாத இடத்திலேயே தலைப்பு இப்படிச் சாய்ந்தால், தவறு நடந்த இடத்தில் எவ்வளவு சாயும் என்று ரசிகர்கள் கேட்பதில் நியாயம் உண்டு.

தொலைபேசி ஒட்டுக்கேட்பு வழக்குகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த விவகாரத்தில்தான் 2011 ஜூலையில் ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு’ என்ற ஞாயிறு ஏடு இழுத்து மூடப்பட்டது.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று மாறுவதில்லை. பத்திரிகை நாணயமானதா என்பது ஒரு கேள்வி. வீரர் அதைச் செய்தாரா என்பது இன்னொரு கேள்வி. முதலாவதுக்கு ‘இல்லை’ என்று பதில் கிடைத்தால் இரண்டாவதுக்கும் அதையே எழுதிவிடுவதுதான் ரசிகர்கள் வழுக்கி விழும் இடம்.

‘முட்டுக் கொடுப்பது’ என்கிறார்களே, அது எப்படியெல்லாம் நடக்கும்?

உருகுவே வீரர் லூயிஸ் சுவாரெஸின் கதையில் எல்லா வகையும் அடக்கம்.

2011 அக்டோபரில் மான்செஸ்டர் யுனைடெடின் பாட்ரிஸ் எவ்ராவை இனத்தைக் குறிக்கும் சொல்லால், லிவர்பூலுக்கு ஆடிய சுவாரெஸ் சீண்டினார் என்று புகார். டிசம்பர் 20 அன்று எஃப்.ஏ. (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம்) அமைத்த தனி ஆணையம் 8 ஆட்டத் தடையும் 40,000 பவுண்டு அபராதமும் விதித்தது. மறுநாளே விகன் ஆட்டத்துக்கு முன்னால் லிவர்பூல் வீரர்கள் சுவாரெஸ் படம் போட்ட டி-ஷர்ட்டோடு பயிற்சிக்கு வந்தார்கள். தீர்ப்புக்கான காரணங்களை விளக்கும் 115 பக்க ஆவணம் வெளியானது டிசம்பர் 31 அன்று. அதாவது டி-ஷர்ட் போட்டவர்களும் கைதட்டிய ரசிகர்களும் காரணத்தைப் படிப்பதற்குப் பத்து நாள் முன்பே ஒரு பக்கம் நின்றுவிட்டார்கள். ஆவணம் வந்தபின் பின்வாங்குவது தோல்விபோல் ஆகிவிட்டது. அந்த டி-ஷர்ட்டுக்காக, அன்று லிவர்பூல் வீரராக இருந்த ஜேமி காராகர் 2019இல் தொலைக்காட்சியில் எவ்ராவிடம் நேரடியாக மன்னிப்புக் கேட்டார்.

2014 ஜூன் 24, உலகக் கோப்பை, இத்தாலியோடு ஆட்டம். சுவாரெஸ் கியெல்லினியின் தோளில் கடித்தார். இம்முறை முட்டுக் கொடுத்தது ஒரு நாடு, உருகுவே. ஒன்றுமே நடக்கவில்லை என்றார்கள். தோளில் இருப்பது பழைய தழும்பு, ஆங்கிலேய, இத்தாலிய ஊடகங்களின் சதி என்றார்கள். பயிற்சியாளர் தபாரெஸ் எதிர்ப்புத் தெரிவித்து ஃபிஃபாவில் தான் வகித்த பொறுப்பை உதறினார். ஃபிஃபா 9 சர்வதேச ஆட்டங்களுக்கும், கூடவே நான்கு மாதத்துக்கு எல்லாவகைக் கால்பந்து நடவடிக்கைக்கும் தடை போட்டது. சில நாளிலேயே சுவாரெஸ் தானாக ஓர் அறிக்கையில் கடியை ஒப்புக்கொண்டு கியெல்லினியிடம் மன்னிப்புக் கேட்டார். அவருக்காக வாதாடியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

இவற்றிலிருந்து வகைகளைப் பிரித்துக்கொள்ளலாம். ‘நடக்கவே இல்லை’ என்பது முதல் வகை. வீடியோ வந்தால் சாகும். ‘நடந்தது, ஆனால் அவன் சீண்டினான்’ என்பது இரண்டாவது. ‘அவன் கிளப் வீரர் மட்டும் யோக்கியமா?’ என்பது மூன்றாவது. இதுதான் அதிகம் புழங்குவது, ஏனென்றால் எந்தக் கிளப்புக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கும். நான்காவது கொஞ்சம் நேர்மையானது: ‘செய்தது தப்பு, ஆனால் ஆட்டத்துக்காக மட்டும் அவரைக் கொண்டாடுகிறேன்.’ முதல் மூன்றும் நடத்தையை நியாயப்படுத்தப் பார்க்கின்றன. நான்காவது ஆட்டத்தையும் நடத்தையையும் தனித்தனியே வைக்கிறது. நுகர்வோர் உளவியலில் 2013இல் வந்த ஓர் ஆய்வு இந்தப் பிரித்துவைப்பைத் தனி உத்தியாகவே அடையாளம் கண்டது. தவறை நியாயப்படுத்துவதைவிட இது மக்களுக்கு எளிதாக வருகிறது. பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல் குறைவு.

சொந்தக் கிளப் ரசிகர்களே வீரருக்கு எதிராகத் திரும்புவது எப்போது?

குற்றத்தின் கனம் மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. கசப்பான விஷயம், ஆனால் உண்மை.

கண்ணால் பார்க்கக்கூடிய வீடியோ இருந்தால் திரும்புவது வேகமாக நடக்கும். 2022 பிப்ரவரியில் வெஸ்ட் ஹாம் வீரர் கர்ட் ஜூமா தன் பூனையை உதைத்து அறையும் வீடியோவை ‘தி சன்’ வெளியிட்டது. கிளப் மறுநாளே அவரை வாட்ஃபோர்டுக்கு எதிராகக் களமிறக்கியது. அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் எதிரணி ரசிகர்களோடு சேர்ந்து சொந்த ரசிகர்களும் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். அடிடாஸ் உறவை முறித்தது. ஜூனில் நீதிமன்றம் 180 மணி நேரச் சமூகப் பணியும் ஐந்தாண்டு பூனை வளர்ப்புத் தடையும் விதித்தது. செய்தியை வெளியிட்டது ‘தி சன்’ என்பதற்காக யாரும் அதைப் பொய் என்று சொல்லவில்லை. படம் பேசும்போது பத்திரிகையின் பெயர் எடுபடாது.

ஆவணமும் அதே வேலையைச் செய்யும். ரொபினியோ ஒரு கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கில் 2017இல் இத்தாலியில் தண்டிக்கப்பட்டவர். மேல்முறையீடு நிலுவையில் இருந்த 2020 அக்டோபரில் பிரேசிலின் சான்டோஸ் கிளப் அவரை எடுத்தது. ஆள் திரும்பி வருகிறார் என்ற மகிழ்ச்சி முதலில் இருந்தது. ஒரு விளம்பரதாரர் விலகினார். பிறகு, விசாரணையில் பதிவான அவருடைய தொலைபேசிப் பேச்சுகளைப் பிரேசில் ஊடகம் எழுத்தில் வெளியிட்டது. ஒப்பந்தம் உடனே நிறுத்திவைக்கப்பட்டது. தண்டனை மூன்று ஆண்டுப் பழைய செய்தி. மக்களைத் திருப்பியது அவருடைய சொந்த வார்த்தைகள்தான். 2022இல் தண்டனை உறுதியானது, 2024 மார்ச்சில் பிரேசிலில் கைதானார்.

பெண் ரசிகர்கள் அமைப்பாகத் திரண்டு பேசுவது அடுத்தது. மான்செஸ்டர் யுனைடெட் வீரர் மேசன் கிரீன்வுட் மீதான, பாலியல் வன்கொடுமை முயற்சி உள்ளிட்ட வழக்கை அரசுத் தரப்பு 2023 பிப்ரவரியில் கைவிட்டது; முக்கியச் சாட்சிகள் விலகியதும் புதிய தகவல்கள் வந்ததும் காரணம். அவர்மேல் சாட்டப்பட்ட குற்றங்களை அவர் செய்யவில்லை என்று முடிவுக்கு வந்ததாக மான்செஸ்டர் யுனைடெடும் பின்னர் அறிவித்தது. ஆனாலும் அவரைத் திரும்ப அணியில் சேர்க்கும் எண்ணம் செய்தியாகக் கசிந்தபோது, பெண் ரசிகர்கள் உட்பட ரசிகர்களிடையே எழுந்த எதிர்ப்பு பெரிது. ஆகஸ்டில் அவர் வேறு இடத்தில் ஆடுவதே நல்லது என்று கிளப் சொல்லிவிட்டது. அதே வீரர் கெடாஃபேக்கும் பிறகு மார்சேய்க்கும் போனபோது அங்கே வரவேற்பும் எதிர்ப்பும் கலந்தே இருந்தன.

கடைசியாக, வீரர் எவ்வளவு கோல் அடிக்கிறார் என்பது. இதை ஒப்புக்கொள்ள யாருக்கும் பிடிக்காது. ஓரமாக உட்கார்ந்திருக்கும் வீரருக்கு ரசிகர் காட்டும் ஒழுக்கமும், வாரம் ஒரு கோல் அடிப்பவருக்குக் காட்டும் ஒழுக்கமும் ஒன்றாக இருந்ததாக எந்தக் கிளப்பின் வரலாறும் சொல்லவில்லை.

எதிரணி ரசிகர்கள் கேலிப் பாட்டுப் பாடுவதில் என்ன தவறு?

பாட்டு வீரரைக் குறிவைக்கும்வரை பெரும்பாலும் ஒன்றுமில்லை. பாதிக்கப்பட்டவரைக் குறிவைத்தால் அது தவறைக் கண்டிப்பதாகாது, அந்தத் துன்பத்தை ஆயுதமாக்குவதாகும். இங்கிலாந்தில் ஆட்டத்தின்போது ஆபாசமான அல்லது இனவெறிக் கோஷம் எழுப்புவது 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மைதானத் தடை உத்தரவு குறைந்தது 3 ஆண்டு. 2022 முதல் இணையத்தில் செய்யும் வெறுப்புக் குற்றங்களுக்கும் அந்தத் தடை விரிவாக்கப்பட்டிருக்கிறது.

‘பிரீமியர் லீக் வீரர் ஒருவர் கைது’ என்று பெயரில்லாமல் எழுதுவது யாரைக் காப்பாற்ற?

பெரும்பாலும் பத்திரிகை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். குற்றச்சாட்டு பதிவாகும்முன் விசாரணையில் இருப்பவருக்குத் தனியுரிமை எதிர்பார்ப்பு உண்டு என்று 2022 பிப்ரவரியில், புளூம்பெர்க் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில், பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே கைது நிலையில் பெயர் போட்டால் இழப்பீடு கொடுக்க நேரலாம். குற்றச்சாட்டு பதிவானதும் பெயர் வந்துவிடும். இது ஒரு கிளப்புக்குச் சாதகம், இன்னொன்றுக்குப் பாதகம் என்று எதுவும் இல்லை.

இதோடு 1981ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டமும் வருகிறது. ஒருவர் கைதானதுமே வழக்கு ‘உயிரோடு’ இருப்பதாகக் கொள்ளப்படும். அதன்பின் ஜூரியின் (வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவின்) மனத்தைக் கெடுக்கக்கூடிய பழைய கதைகளையும் சாட்சியங்களையும் வெளியிட்டால், வெளியிட்டவரின் நோக்கம் என்ன என்று நீதிமன்றம் பார்க்காது. முதல் நாள் பக்கம் பக்கமாக வந்த செய்தி மறுநாள் நான்கு வரியாகச் சுருங்கினால், ‘கிளப் காசு கொடுத்து அமுக்கிவிட்டது’ என்று ரசிகர்கள் கிளம்புவார்கள். பெரும்பாலும் கைது நடந்திருக்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் பெயரை நாமே யூகித்துப் போடலாமா?

வேண்டாம். ‘இருபதுகளில் இருக்கும் வீரர், லண்டன் கிளப்’ என்ற குறிப்புக்குப் பல டஜன் பேர் பொருந்துவார்கள். காயத்தால் ஆட்டத்தில் இல்லாத ஒருவர்மேல் பழி விழுவதுதான் வழக்கமாக நடப்பது. ‘நான் கேள்விதானே கேட்டேன்’ என்பதும் தற்காப்பாகாது. 2013இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில், ஓர் அரசியல்வாதியின் பெயர் ஏன் இணையத்தில் ஓடுகிறது என்று அப்பாவி முகத்தோடு கேட்டிருந்த ஒற்றை வரி ட்வீட்டே அவதூறு என்று தீர்ப்பானது.

மான்செஸ்டர் யுனைடெட் வீரர் ரயன் கிக்ஸ் விவகாரத்தைச் சொல்லி ‘அப்போது எல்லோரும் போட்டார்களே’ என்பார்கள். 2011இல் நீதிமன்றத் தடையை மீறிப் பல்லாயிரம் பேர் ட்விட்டரில் பெயரைப் போட்டதும், மே 23 அன்று எம்.பி. ஒருவர் நாடாளுமன்றத்தில் பெயரைச் சொன்னதும் உண்மை. அது தனிப்பட்ட உறவு பற்றிய தடை. எம்.பி.க்கு அவைக்குள் சட்டப் பாதுகாப்பு இருந்தது, ட்வீட் போட்டவர்களுக்கு அது இல்லை.

பாலியல் குற்ற வழக்குகளில் எல்லை இன்னும் கடுமை. புகார் கொடுத்தவரின் அடையாளத்தை அவர் ஆயுளுக்கும் வெளியிடக்கூடாது. கால்பந்து வீரர் செட் எவன்ஸ் வழக்கில் புகார்தாரரின் பெயரை இணையத்தில் போட்ட ஒன்பது பேரை 2012 நவம்பரில் நீதிமன்றம் தலா 624 பவுண்டு கட்டச் சொன்னது. பிற்பாடு 2016இல் எவன்ஸின் தண்டனை ரத்தாகி, மறுவிசாரணையில் அவர் விடுதலையானார். அதனால் அந்த ஒன்பது பேர் செய்தது சரியாகிவிடவில்லை. விடுதலைத் தீர்ப்பு வந்தாலும் அந்தப் பாதுகாப்பு நீங்காது.

நீதிமன்றம் விடுவித்தது, எஃப்.ஏ. தண்டித்தது. இது பழிவாங்கல் இல்லையா?

இல்லை, அளவுகோல் வேறு. குற்ற வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். எஃப்.ஏ. விசாரணையில் ‘நடந்திருக்க வாய்ப்பு அதிகம்’ என்றால் போதும். ஆன்டன் ஃபெர்டினாண்டை இனவெறிச் சொல்லால் திட்டியதாக வந்த வழக்கில் ஜான் டெர்ரி 2012 ஜூலையில் நீதிமன்றத்தில் விடுதலையானார். அதே செப்டம்பரில் எஃப்.ஏ. அவருக்கு 4 ஆட்டத் தடையும் 2,20,000 பவுண்டு அபராதமும் போட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும்.

குறைந்த அளவுகோல் என்பதால் எஃப்.ஏ. எப்போதும் ஜெயிக்கும் என்றும் எண்ண வேண்டாம். வெஸ்ட் ஹாமின் லூக்காஸ் பக்கெட்டா சூதாட்டத்துக்காக வேண்டுமென்றே மஞ்சள் அட்டை வாங்கினார் என்று 2024 மேயில் குற்றம்சாட்டியது. 2025 ஜூலையில் அது நிரூபணமாகவில்லை. விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்பது மட்டும் நின்றது. இடைப்பட்ட ஓராண்டுக்கும் மேலாக அவரைக் குற்றவாளி என்றே பாடிய எதிரணி ரசிகர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்று கேட்காதீர்கள். வேறு பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

செய்தியில் வரும் சொற்களைக் கலக்காமல் படிப்பது முக்கியம். ‘கைது’ என்றால் சந்தேகம். ‘விசாரணை தொடர விடுவிப்பு’ என்றால் ஆளை வெளியே விட்டிருக்கிறார்கள், வழக்கு முடிந்ததாகப் பொருளில்லை. ‘குற்றச்சாட்டு’ என்றால் வழக்கு நடத்தப் போதுமான ஆதாரம் இருப்பதாக அரசுத் தரப்பு கருதுகிறது. ‘கைவிடப்பட்டது’ என்றால் நீதிமன்றம் எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. ‘விடுதலை’ என்பது தீர்ப்பு. பென்ஜமின் மெண்டி 2023இல் தன்மேல் இருந்த எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் பெற்றது அதைத்தான்.

ஒரு செய்தியைப் பகிரும்முன் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் தலைப்பை மறந்துவிட்டு உள்ளே போங்கள். தலைப்பைப் பெரும்பாலும் நிருபர் எழுதுவதில்லை. அலுவலகத்தில் இருக்கும் உதவி ஆசிரியர் எழுதுவார். தலைப்பில் இருக்கும் கடுஞ்சொல் உடலில் இருக்கிறதா, மேற்கோள் குறிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பில் ஒற்றை மேற்கோள் குறி இருந்தால், ‘இதை நாங்கள் சொல்லவில்லை, யாரோ சொன்னார்’ என்று பத்திரிகை ஒதுங்கிக்கொள்கிறது.

பிறகு தகவல் யாரிடமிருந்து வந்தது. ‘வீரருக்கு நெருக்கமானவர்கள்’ என்றால் ஏஜென்டாக இருக்க வாய்ப்பு அதிகம். ‘கிளப் கருதுவதாகத் தெரிகிறது’ என்றால் கிளப்பின் ஊடகப் பிரிவே பெயர் போடாமல் சொன்னதாக இருக்கலாம். ‘கிளப் கருத்துக் கூற மறுத்தது’ என்ற வரி இருந்தால் பத்திரிகை முறைப்படி கேட்டிருக்கிறது. அந்த வரியே இல்லாத பெரிய புகார்ச் செய்தியைச் சற்றுத் தள்ளிவையுங்கள்.

யார் எழுதினார் என்பதும் பேசும். கிளப்பைத் தினமும் பின்தொடரும் விளையாட்டு நிருபருக்கு நாளைக்கும் அந்த வாசலில் போய் நிற்க வேண்டும்; அவர் மென்மையாக எழுதக்கூடும். நீதிமன்ற, குற்றப்பிரிவு நிருபருக்கு அந்தக் கட்டு கிடையாது. கிளப்மேல் வன்மம் என்று ரசிகர்கள் திட்டுவது இந்த இரண்டாம் வகையினரைத்தான். சட்டச் சொற்களைச் சரியாகக் கையாள்பவர்களும் அவர்கள்தான்.

வேற்று மொழிச் செய்தி என்றால் சங்கிலியைத் தேடுங்கள். ஸ்பானியப் பேட்டி, அதன் ஆங்கிலச் சுருக்கம், அதைப் பார்த்து எழுதிய மூன்றாம் தளம் என்று போகும்போது ‘வருத்தமாக இருந்தது’ என்பது ‘கொதித்தெழுந்தார்’ என்று ஆகிவிடும். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் சுற்றினால், அந்தப் பத்திரிகையின் தளத்தில் அந்தத் தலைப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று தேடுங்கள். போலித் தலைப்பு செய்ய இரண்டு நிமிடம் போதும்.

எஃப்.ஏ. ஆணையங்களின் எழுத்துபூர்வக் காரணங்கள் அதன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐவன் டோனி 2023 மேயில் 8 மாதத் தடை பெற்றார். 232 பந்தய விதிமீறல்களை ஒப்புக்கொண்டிருந்தார். ஆணையத்தின் காரணங்களில் அவருக்குச் சூதாட்ட அடிமைத்தனம் இருப்பதாக மருத்துவர் கண்டறிந்தது பதிவாகியிருந்தது. எண்ணிக்கையை மட்டும் படித்தவர்களும் காரணங்களைப் படித்தவர்களும் வேறு வேறு ஆளைப் பற்றிப் பேசுவதுபோல் வாதிட்டார்கள்.

பத்திரிகை தப்பாக எழுதியது என்று உறுதியாகத் தெரிந்தால்?

திட்டுவதைவிடப் புகார் பலன் தரும். பெரும்பாலான பிரிட்டிஷ் நாளேடுகள் 2014இல் தொடங்கிய இப்சோ என்ற பத்திரிகைக் கண்காணிப்பு அமைப்பின் கீழ் வருகின்றன. ‘தி கார்டியன்’ அதில் இல்லை, அதற்கு நேரடியாக எழுத வேண்டும். செய்தி வெளியான நான்கு மாதத்துக்குள் புகார் தர வேண்டும். இணையத்தில் இன்னும் இருந்தால் 12 மாதம்வரை ஏற்கலாம். முதலில் பத்திரிகைக்கே தீர்க்க வாய்ப்புத் தரப்படும். அதற்கு 28 நாள்.

புகார் தள்ளுபடியாவதற்கு ஒரு காரணம் தவறான பிரிவில் கொடுப்பது. தகவல் பிழை என்றால் எந்த வாசகரும் புகார் கொடுக்கலாம். தனியுரிமை மீறல், இனப் பாகுபாடு என்றால் பொதுவாகப் பாதிக்கப்பட்ட வீரரோ அவர் சார்பிலானவரோ தர வேண்டும். ‘செய்தி ஒருதலைப்பட்சம்’ என்று மட்டும் எழுதினால் எடுபடாது, ஏனென்றால் நாளேடு ஒரு பக்கம் சாய அங்கே உரிமை உண்டு. எந்த வாக்கியம், எது பிழை, சரியானது எங்கே பதிவாகியிருக்கிறது என்று மூன்றையும் எழுதுங்கள். தொலைக்காட்சி என்றால் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம். ஒளிபரப்பாகி 20 வேலை நாளுக்குள். பிபிசி என்றால் முதலில் பிபிசியிடமே.

பத்திரிகையைப் புறக்கணிப்பது வேலை செய்யுமா?

ஊரே சேர்ந்து நீண்ட காலம் செய்தால் செய்யும். லிவர்பூல் வட்டாரத்தில் ‘தி சன்’ 1989க்குப் பின் எழவே இல்லை. 2017 பிப்ரவரியில் லிவர்பூல் கிளப் அதன் நிருபர்களை உள்ளே விடுவதை நிறுத்தியது. ஏப்ரலில், தன் வீரர் ராஸ் பார்க்லியைக் கொரில்லாவோடு ஒப்பிட்ட ‘தி சன்’ பத்தியைத் தொடர்ந்து, அதே ஊரின் எவர்ட்டனும் அதையே செய்தது. பரம எதிரிகள் ஒரே முடிவுக்கு வந்த அரிய தருணம் அது. பார்க்லியின் தாத்தா நைஜீரியர்.

ஆனால் தங்கள் வீரர்மேல் வந்த உண்மைச் செய்திக்காக ஒரு நிருபரைப் புறக்கணிக்கச் சொல்லும் ஹேஷ்டேக் இதே வகையில் சேராது. அது வார இறுதியைத் தாண்டுவதில்லை. நடுவில் அந்த நிருபரின் குடும்பப் படங்களைத் தேடிப்போகும் சிலரால், நியாயமான குறையும் சேர்ந்து அடிபட்டுப்போகும்.

கிளப் ‘உள்விவகாரம், கருத்து இல்லை’ என்றால் நம்பலாமா?

அது தகவலே இல்லை. எந்தப் பக்கமும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சண்டர்லாந்து கிளப் தன் வீரர் ஆடம் ஜான்சனை 2015 மார்ச்சில் கைதுக்குப் பிறகு சில நாள் நிறுத்திவைத்து, மீண்டும் ஆடவிட்டது. கிளப் ஆடவிடுகிறது என்றால் ஒன்றுமிருக்காது என்று ரசிகர்கள் அவருக்காகப் பாடினார்கள். 2016 பிப்ரவரியில் சிறுமி தொடர்பான இரண்டு குற்றங்களை அவரே ஒப்புக்கொண்டார், கிளப் நீக்கியது. பிறகு ஆறாண்டுச் சிறை. வழக்கு விவரங்கள் கிளப்பின் தலைமைச் செயல் அலுவலரிடம் முன்பே இருந்தது விசாரணையில் தெரிந்து, அவர் பதவி விலகினார். வீரர் களத்தில் இருப்பதை நற்சான்றாகப் படித்தவர்கள் ஏமாற்றப்பட்டார்கள்.

தண்டனை முடிந்து திரும்பும் வீரரை எப்படி ஏற்கிறார்கள்?

கோலோடு வந்தால் எளிதாக. மான்செஸ்டர் யுனைடெடின் எரிக் கான்டோனா 1995 ஜனவரியில் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் பார்வையாளர்மேல் பாய்ந்து உதைத்தார். எட்டு மாதத் தடை, மேல்முறையீட்டில் சிறைக்குப் பதில் 120 மணி நேரச் சமூகப் பணி. பத்திரிகையாளர்களைக் கூட்டி, மீன்பிடிப் படகின் பின்னால் மத்தி மீனுக்காகப் பறக்கும் கடற்பறவைகளைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு எழுந்து போனார். பறவைகள் யார் என்று அங்கிருந்தவர்களுக்குப் புரிந்தது. அக்டோபர் 1 அன்று லிவர்பூலுக்கு எதிராகத் திரும்பி வந்து பெனால்டியில் கோல் அடித்தார். உதை, தடை, அந்த வரி எல்லாம் யுனைடெட் ரசிகர்களிடம் வீரக்கதையாகிவிட்டன.

1998 உலகக் கோப்பையில் சிவப்பு அட்டை வாங்கிய டேவிட் பெக்காமை ‘பத்துச் சிங்கங்கள், ஒரு முட்டாள் பையன்’ என்ற பொருளில் ‘டெய்லி மிரர்’ தலைப்பிட்டது. லண்டனில் மதுக்கடை வாசலில் அவர் உருவபொம்மை தொங்கியது. நாட்டு ரசிகர்கள் வெறுத்த அதே ஆளைக் கிளப் ரசிகர்கள் இறுகக் கட்டிக்கொண்டார்கள். சீசனின் முதல் ஆட்டத்தில் கடைசி நேர ஃப்ரீ கிக்கில் அவர் சமன் செய்தது கதையைத் திருப்பத் தொடங்கியது.

இந்த இரண்டும் களத்தில் நடந்த கோபம். பாலியல் வன்முறை, குடும்ப வன்முறைப் புகார்களை இதே தட்டில் வைத்து ‘கான்டோனாவை மன்னிக்கவில்லையா’ என்று கேட்பவர்கள் வேண்டுமென்றே எடையைக் குழப்புகிறார்கள்.

எங்கள் ரசிகர் குழு ஓர் அறிக்கை வெளியிட நினைக்கிறது. என்ன எழுதலாம்?

சுருக்கமாக, கிளப்பை நோக்கி எழுதுங்கள். வீரர் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ சொல்ல வேண்டாம். புகார் கொடுத்தவரைப் பற்றி ஒரு விவரமும் வேண்டாம். ஊர், வேலை, வயது போன்ற துணுக்குகள் சேர்ந்தாலே அடையாளம் தெரிந்துவிடும். விசாரணையை யார் நடத்துகிறார்கள், வெளியார் இருக்கிறார்களா, அதுவரை வீரர் ஆடுவாரா, எப்போது பதில் வரும் என்று கேளுங்கள். கிளப் பதில் சொல்ல வேண்டியவை இவைதான். செய்தியில் பிழை இருந்தால் அதைத் தனிப் பத்தியில், வாக்கியத்தைச் சுட்டி எழுதுங்கள். அதையும் வீரருக்கான ஆதரவையும் ஒரே பத்தியில் போட்டால் நாளைய தலைப்பு ‘ரசிகர்கள் வீரர் பக்கம்’ என்றுதான் வரும். வெளியிடும்முன், குழுவில் இருக்கும் பெண்களும் இளையவர்களும் படித்துக் கருத்துச் சொல்ல ஒரு நாள் கொடுங்கள். கைது நடந்துவிட்டதென்றால் சட்டம் தெரிந்த ஒருவரிடமும் காட்டிவிடுங்கள்.